கடைசி அம்புக்குறி

“இந்த அம்புக்குறி எங்க போகுது, மேடம்?”

“பக்கத்து வீட்டுக்குத்தான். ஏன் சார், கண்ணு தெரியலையா?”

“அங்க குழந்தை இருக்கா?”

“இருக்கான். எங்க அக்கா பையன், ரெண்டு வயசு. அது எங்க வீடுதான். சொட்டு மருந்து போட்டாச்சு.”

“பையன் இதோ நிக்கறான், விரல்ல மை காணோமே?”

“சப்பிட்டான் சார்! எந்நேரமும் வாயிலயே விரல வச்சிருந்தா மை எங்க நிக்கும்?”

“அப்ப இன்னும் ரெண்டு சொட்டு போடுங்க. கூடப் போனா ஒண்ணும் ஆகாது. விட்டுப்போனாத்தான் வம்பு.”

பாகலூரில் அந்தச் சந்தின் கோடியில் மேரிராணியும் பூபதியும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இப்படித்தான். அவள் அங்கன்வாடி டீச்சர். போலியோ ஞாயிறு முடிந்ததும் வீடு வீடாகப் போய், விட்டுப்போன குழந்தைகளுக்கு மருந்து போட்டு, சுவரில் சாக்பீஸால் அடையாளமிட்டு, அடுத்த வீட்டுக்கு அம்புக்குறி போடுவாள். அந்த அம்புகளைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்து, குழந்தைகளின் சுண்டுவிரல் மையைப் பார்த்து, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது பூபதியின் பொறுப்பு. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் காபியில் சர்க்கரை போடவே மறந்துவிட்டாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்தச் சந்தின் கடைசி அம்பு அவள் வீட்டைத்தான் காட்டியது. கல்யாணத்தைப் பற்றி நினைக்காமல், தாயில்லாத அந்த அக்கா பையன் ஜெரினை அவள் வளர்த்தாள். அவன் ஐந்து வயதைத் தாண்டினான், மீசை முளைத்தது, இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். மருந்து குடிக்க ஆளில்லாத வீட்டுக்கு அம்பு எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை.

“இந்த வீட்ல யாரு குழந்தை?” என்று சிரிக்காமல் கேட்பார்.

“நான்தான்” என்பாள். காபி வரும், சர்க்கரையோடு.

ஒருமுறை மட்டும், “மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஜெரின் “அம்மா” என்று ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பூபதி அவன் தலையைத் தடவினார். “அடுத்த ரவுண்டுல கேக்கறேன்” என்று கிளம்பிவிட்டார். ரவுண்டுகள் வந்தன, அந்தக் கேள்வி மட்டும் வரவேயில்லை.

நேற்று பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா பேத்தியின் விரலை நீட்டியபடியே, “சாருக்குச் சேலத்துக்கு டிரான்ஸ்பராம். இந்தத் தடவையோட சரி” என்றாள். மேரிராணியின் கையில் சாக்பீஸ் நின்றது. அடையாளத்தை மட்டும் போட்டாள்.

“ஏன்டி, அம்பு மறந்துட்ட?”

“மறக்கலக்கா. வேலைக்குன்னு வர்றவரு உங்க வீட்டோடயே திரும்பட்டும்.”

இன்று ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். பூபதி வந்தார். காதோரம் நரைத்திருந்தது. “ரண்டி சார், ரண்டி!” என்று ருக்மணி அக்கா தெலுங்கில் வரவேற்றாள். பேத்தியின் விரலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தேடினார்.

“என்னா சார், சுண்ணாம்பு அடிச்சுத் தரப் போறீங்களா?” என்றாள் அக்கா.

அவர் திரும்பி, தெருமுனையில் நின்ற வண்டியை நோக்கி நடந்தார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று மேரிராணி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அடுப்பில் பால் பொங்கியது. அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், எதிரே அவர். கழுத்தில் அடையாள அட்டை இல்லை, தோளில் பை இல்லை. எல்லாம் வண்டியில் தொங்கின.

“அம்பு போடலையே சார், எப்படி வந்தீங்க?”

“இத்தன வருஷம் நடந்த வழி தெரியாதா எனக்கு? இன்னிக்கு நான் சரிபாக்க வரல.”

“அப்புறம்?”

அவர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார். சுவருக்கு மேலே ருக்மணி அக்காவின் தலை எட்டிப் பார்த்தது.

“கேளுங்க சார்! நீங்க கேக்கறதுக்குள்ள எம் பேத்திக்குக் கல்யாணம் ஆயிடும் போல!”

மேரிராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பூபதி ஒரு படி ஏறி நின்றார்.

“என்னக் கட்டிக்கிறியா, மேரி?”