துரு மேலே ஏறாது

எனக்கு ஓவியம் தெரியாது, துரு தெரியும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்தாறு வருடமாகத் தகடு விற்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, பொம்பளைக்கு எதற்கு இரும்பு என்று கேட்டவர்கள் எல்லாம் இன்று என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் சரக்கு எடுப்பதில்லை. கடல் காற்றடிக்கிற ஊரில் எங்களுக்கு ஒரே எதிரி துரு. துடைக்க, எண்ணெய் பூச, தார்ப்பாய் போர்த்த என்று ஆள் வைத்திருக்கிறேன். என் மகள் ராமசெல்வி அதே துருவை வளர்க்கிறாள்.

சும்மா சொல்லவில்லை. விடிகிற நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவாள். ஆறு கடலில் சேருகிற இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். திரும்பும்போது ஒரு கேனில் ஆற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கடல் தண்ணீர். என் குடோனின் பின்சுவரில் சாய்த்து வைத்த தகட்டில் துணியை இழுத்துக் கட்டி, மேலே ஆற்றுத் தண்ணீர், கீழே கடல் தண்ணீர் என்று நனைத்து விடுவாள். அன்றைக்குக் கடல் எவ்வளவு உள்ளே ஏறியதோ, துணியிலும் அந்த உயரம் வரைக்கும் கடல். பதினைந்து நாள் கழித்துப் பிரித்தால் துணி முழுக்கத் துரு இறங்கியிருக்கும். அதன்மேல் கொஞ்சம் நீலம், கொஞ்சம் கரி. மரம் கிடையாது, படகு கிடையாது, மனுஷர் கிடையாது.

"இதுல என்னட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணி கீதும்மா."

வாயைத் திறந்தால் முழு மெட்ராஸ். எங்கள் திருநெல்வேலிப் பேச்சு அவளிடம் ஒட்டவே இல்லை. தகட்டைப் பாழாக்குகிறாள் என்று நான் திட்டாத நாளும் இல்லை.

போன மாதம் நகரத்தின் தெற்கே ஒரு கேலரியில் அவளுடைய முதல் கண்காட்சி. ஆளுயரத்துக்குச் சதுரமாக ஒரு படம்தான் அதில் பெரியது. ஊரே கலீஜ் என்று மூக்கைப் பொத்துகிற அந்தத் தண்ணீருக்கு 'கலீஜ்' என்றே பெயர் வைத்திருந்தாள். முந்தைய நாளே அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பியவர் எங்கள் லோடு மேஸ்திரி அத்தாவுல்லா. எங்கள் குடோனில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டால், அந்தப் பக்கம் தரையில் உட்கார வேண்டும் என்று அர்த்தம். கைப்பழக்கத்தில் படத்தின் முதுகிலும் ஒன்று போட்டுவிட்டார். மற்ற ஊர் உலகத்துக்கெல்லாம் அம்பு என்றால் மேலே.

மூன்று மணிக்குப் போய் மாட்டுவதைப் பார்க்க வேண்டிய நானும் ராமசெல்வியும் அத்தாவுல்லாவும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி ஆறு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் வந்துவிட்டது. கேலரி நடத்தும் யசோதரா, பெரிய படத்தின் முன் நின்று, "நெருப்பு மேல எழும்பறதைப் பாருங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

ராமசெல்வியின் முகம் வெளுத்துப் போனது.

"தலைகீழா கீது" என்றாள் என் காதில். "வுடும்மா. அப்ஸ்ட்ராக்ட்டுக்கு தல இன்னா கால் இன்னான்னு சிரிப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் விடியலில் உட்கார்ந்து பார்த்த தண்ணீரை இவர்கள் நெருப்பு என்கிறார்கள், இவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"யம்மா, படம் தலைகீழா தொங்குது" என்றேன், சத்தமாகவே.

யசோதரா சிரித்தாள். "எப்படி வச்சாலும் அழகுதான் மேடம்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா பொய்யா இருக்கு. துரு மேல ஏறாதும்மா, தண்ணி போற பக்கந்தான் இறங்கும். இந்தக் கோட்டு நுனியில தடிச்சிருக்கு பாருங்க, அது சொட்டு நின்ன இடம். இந்த வெளுத்த நிறம் ஆறு. கருத்தது கடல். இது பௌர்ணமிக்கு மறுநாள் கட்டுன துணி, கடல் நல்லா உள்ள ஏறியிருந்துச்சு. நீங்க கடலைத் தூக்கி ஆத்துமேல வச்சிருக்கீங்க."

அத்தாவுல்லாதான் முன்னால் வந்தார். "தப்பு என்துதான் மேடம். எங்க யார்டுல அம்பு போட்டா கீழன்னு அர்த்தம். யக்கா, அந்தப் பக்கம் புடி."

கூட்டம் சிரித்தது, கேலிச் சிரிப்பில்லை. நானும் அவரும், யசோதராவும் சேர்ந்துதான் திருப்பி மாட்டினோம். துரு இறங்கியது. கீழே கடல் வந்து நின்றது. "ஐயோ, இது தண்ணி!" என்றாள் யசோதரா.

ராமசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பௌர்ணமின்னு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"தினமும் குடோன் பூட்டுறதுக்கு முன்னால பின்சுவர் பக்கம் போய்ப் பாத்துட்டுதான் பூட்டுவேன்."

"மூணு வருஷமாவா?"

"பின்ன, பாக்காம?"

அழுதாள். எனக்கும் அழுகை வந்தது; பெருமை தாங்காமல் வந்த அழுகை, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

மார்க்கெட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பெயரை வைத்து, செல்லக்கனி மகள், அவ்வளவுதான். அன்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "இவ்வளவு நுணுக்கமா சொல்றீங்க, நீங்களும் ஆர்ட்டிஸ்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். "நான் ராமசெல்வியோட அம்மா."