எல்லுக்குப் பதில் பி

எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கடைசி வருட மாணவர்கள் சனிக்கிழமைகளில் கம்போங் மேடான் அடுக்குமாடிக்குக் கீழே மேசை போட்டு, வருகிறவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்ய வேண்டும். கோப்பைத் திறந்தவரே முடித்தும் வைக்க வேண்டும். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளாங்கில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் நான் போனேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

முதலில் வந்தவள் சாந்தமேரி. பிறப்புப் பத்திரத்தை நீட்டினாள். பெயருக்குப் பின்னால், மகளைக் குறிக்கும் ஏ/பி இருக்க வேண்டிய இடத்தில் மகனைக் குறிக்கும் ஏ/எல். அதாவது, கிரிகரியின் மகன் சாந்தமேரி! சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மூணு பொண்ணுக்கு அப்புறம் பையன்தான்னு அப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை சிஸ். பேரை மட்டும் விட்டுட்டு, பிறப்புப் பதிவு ஃபாரத்தை முன்கூட்டியே நிரப்பிட்டாரு. இத்தனை வருஷம் யாரும் கண்டுக்கல லா. இப்ப கல்யாணத்தைப் பதியப் போனா, ரெண்டு ஆம்பளைக்குப் பதிய முடியாதுங்கிறாங்க. மாப்பிள்ளை கெல்வின் வீட்டுல ஒரே கேலி. ஜூன்ல கல்யாணம்."

ஆறு வாரம் அலைந்தேன். தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு, மருத்துவமனைக் கடிதம், அவள் அம்மாவின் சத்தியப் பிரமாணம். கடைசியில் பதிவு அலுவலக அதிகாரியைப் பார்க்கத் தேதி கிடைத்தது: செவ்வாய், காலை ஒன்பது மணி. அதே செவ்வாய், அதே ஒன்பது மணிக்கு நகரத்தின் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் எனக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் உணவகத்துக்கு வருகிற எல்லோரிடமும் அத்தா, 'என் மகளுக்கு இன்டர்வியூ' என்று சொல்லி வைத்திருந்தார். வேறு நாள் கேட்டேன்; நிறுவனம் தரவில்லை.

"பரவால்ல ஹுமைரா, நானே போய்க்கிறேன்" என்றாள் சாந்தமேரி. "ஆனா அவங்க முடியாதுன்னா நான் தலைய ஆட்டிட்டு வந்துருவேன். எனக்கு அதான் பழக்கம்."

எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை அவளோடு போனேன்.

அப்பா நேரில் வர வேண்டும் என்றார் அதிகாரி. சாந்தமேரியின் தலை ஆடத் தொடங்கியது. "அவர் இறந்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் இறப்புப் பத்திரம் இருக்கிறது, பாருங்கள்" என்று மலாயில் சொல்லிக் கோப்பைத் திருப்பி வைத்தேன். மூன்றைப் படித்தார். நான்கையும் படித்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

வெளியே வந்ததும் புதிய தாளில் பி என்ற அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு இன்னிக்குத்தான் நாலாவது பொண்ணு பொறந்திருக்கு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கைப்பேசி அடித்தது. அத்தா.

"என்னம்மா, வேலை கிடைச்சுச்சா?"

"கிடைச்சிருச்சு அத்தா. இனிமே வாழ்க்கை பூரா இந்த வேலைதான்."

"அல்ஹம்துலில்லாஹ்! எந்த ஆபீஸ்ல உட்கார வைக்கிறாங்க?"

"அதைத்தான் இனிமே தேடணும்."