தூணடி மேஜை

அக்காவுக்குக் கண் ஆபரேஷன். அதற்காகத்தான் அக்காவும் தம்பியும் அந்த ஊருக்கு வந்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் மூன்று நாள் தங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி இருபத்தெட்டு வருஷமாகக் கொத்து வேலை பார்ப்பவன். அக்கா வாய்க்கு வஞ்சகம் செய்யாதவள். ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், "இந்த ஊர்ல எங்கடா நல்லா சாப்பிடலாம்?" என்றுதான் கேட்டாள்.

புது ஊரில் ஹோட்டல் தேட அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. போர்டைப் பார்க்க மாட்டாள், ஆட்களைப் பார்ப்பாள். உள்ளூர்க்காரர்கள் எங்கே மொய்க்கிறார்களோ அங்கேதான் கை நனைப்பாள். மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர், லாட்ஜ் மேனேஜர் மூன்று பேரும் ஒரே கடையைத்தான் சொன்னார்கள். மேனேஜர் மட்டும், "பார்சல் வாங்கிட்டு வந்துடுங்களேன். ரூம்ல நிம்மதியா சாப்பிடலாம்" என்று கூடவே சொன்னார்.

"பார்சல்ல என்னடா ருசி இருக்கு?" என்று அக்கா உள்ளேயே போய் உட்கார்ந்தாள்.

சாப்பாடு அமிர்தம். அக்கா இரண்டு தரம் சோறு வாங்கி, மீன் முள்ளைக்கூட விடாமல் சப்பினாள். தம்பிக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கை கழுவப் போனபோது கதவு நிலையில் சிக்கியது. தோளால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது. பின்கட்டில் நின்று மேலே பார்த்தான். மாடியில் புதிதாக ஒரு தளம் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல்லும் மணலும் மொட்டை மாடியிலேயே குவிந்து கிடந்தன. திரும்பி வரும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் காலடியிலும் பெட்டியோ பையோ இருந்தது. உள்ளூர்க்காரர்கள் எதிர்ச் சாரியில் நின்று பார்சலுக்குக் காத்திருந்தார்கள். கடை நிழலில்கூட ஒருத்தரும் ஒதுங்கவில்லை.

மறுநாளும் அதே கடை. நடு ஹாலில் இருந்த தூணில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தது. தம்பி தலை சீவுகிற சாக்கில் அதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். பின்னால் சாய்வாக ஒரு விரிசல், நகம் நுழைகிற அகலம். அதன் மேல் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டும் வெடித்திருந்தது. ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கையை நசுக்கி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினான். பிறகு ஒல்லியாக இருந்த சர்வரைக் கூப்பிட்டான்.

"ஏன் அண்ணே, உள்ளூர் ஆளுங்க யாரும் உள்ள வர்றதில்லையா?"

"அவங்களுக்கு அவசரம்" என்றார் சர்வர், தரையைப் பார்த்துக்கொண்டே.

கல்லாவில் இருந்த முதலாளியிடம் போய் விரிசலைப் பற்றிச் சொன்னான். அவர் சிரித்தார். "இன்ஜினியர் பாத்துட்டாருப்பா. அடுத்த வாரம் முட்டுக் கொடுக்கறோம். சாப்பாடு எப்படி? அதைச் சொல்லு."

மூன்றாம் நாள், "அந்தப் பக்கமே வேணாம்க்கா" என்றான். "சரி சரி" என்றாள் அக்கா. அவன் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். அவன் ஓடினான். பகல் ஒரு மணி, கடை நிரம்பி வழிந்தது. அக்கா தூணடி மேஜையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். நேற்று ஒட்டிய தாள் இரண்டாகக் கிழிந்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது. அக்காவின் இலையில் வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது.

"எல்லாரும் வெளிய போங்க! தூண் விழப் போகுது!" என்று கத்தினான்.

நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தர் குழம்பு கேட்டார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார்.

பயத்தில் அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பக்கத்து இலையைக் காட்டி, "ஐயோ, குழம்புல பல்லி! பல்லி கிடக்கு!" என்று அலறினான்.

அவ்வளவுதான். நாற்காலிகள் உருண்டன. வாயில் இருந்ததைத் துப்பிக்கொண்டு ஜனம் தெருவுக்குப் பாய்ந்தது. சமையல் ஆட்கள் என்னவோ ஏதோ என்று பின்வாசல் வழியாக வெளியே வந்து நின்றார்கள். தம்பி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

முதலாளி வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. "பல்லியா? என் கடையிலயா? முப்பது வருஷப் பேரு! இதோ, எல்லாரும் பாத்துக்கங்க!" என்று உள்ளே போய் அதே தூணடி மேஜையில் உட்கார்ந்தார். அந்த இலையை இழுத்து, எல்லோரும் பார்க்கப் பிசைந்து, பெரிய கவளமாக வாயில் போட்டுக்கொண்டார்.

தம்பி வாசலில் நின்று கத்தினான். "ஐயா, பல்லி இல்லங்க! பொய் சொன்னேன்! எந்திரிச்சு வாங்க!"

"இப்பவாவது உண்மையைச் சொன்னியே!" என்று முதலாளி சிரித்தார்.

பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பையை எடுக்க வேண்டும், பாதிச் சாப்பாடு கிடக்கிறது என்று நாலைந்து பேர் படியேறினார்கள். தம்பி வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றான். ஒருத்தன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். கண் கட்டோடு அக்காவும் வந்து பக்கத்தில் நின்றாள். "கட்டட விஷயத்துல என் தம்பி பொய் சொல்ல மாட்டான். என்னைத் தள்ளிட்டுப் போங்க பாப்போம்" என்றாள்.

உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. முதலாளி மேலே பார்த்தார். பாதி எழுந்தார். எழுந்து முடிப்பதற்குள் மாடி இறங்கிவிட்டது. சிமென்ட் புகை தெருவை மூடியது. தம்பியும் அக்காவும் படியில் உருண்டு விழுந்தார்கள்.

அன்று ஒரே ஓர் உயிர்தான் போயிற்று. முப்பது நாற்பது பேர் தப்பித்ததாக ஊரே பேசியது. மருந்துக்கடைக்காரர் வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்களுக்கெல்லாம் தெரியும் தம்பி. யார் சொல்றதுன்னு இருந்துட்டோம்" என்றார். தம்பி கையை உருவிக்கொண்டான்.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அந்த ஒல்லி சர்வர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"நான் பல்லின்னு சொல்லாம இருந்திருந்தா அவர் அங்க போய் உக்காந்திருக்க மாட்டாரு" என்றான் தம்பி.

சர்வர் முடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். பிறகு, "தினமும் எல்லாரும் போனப்புறம் அவரு அங்கதான் உக்காந்து சாப்பிடுவாரு. நாங்க பயந்துடக் கூடாதுன்னு" என்றார். "அவரு சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் நாங்க ஒருத்தரும் மூச்சு விட மாட்டோம்."

 அக்கா தம்பியின் தோளில் கை வைத்தாள்.