இலை புதைத்த இடம்

"நம்மாத்து ஜலமெல்லாம் எங்கேம்மா போறது?" என்று பூமா ஒரு நாள் கேட்டாள். அரிசி களைந்த நீரைக் கொட்டிக்கொண்டிருந்த கோதைநாயகி, "வெளியிலே போறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

அந்த ஐப்பசியில், போன ஜலம் திரும்பி வந்தது. பூமா விஷஜுரத்தில் கூடத்தில் கிடந்தாள். காவேரி கலங்கி ஓடியதால், கிணற்று நீரைக் காய்ச்சித்தான் புகட்ட வேண்டும் என்று வைத்தியர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மழை சற்று விட்ட காலையில் கோதை கொல்லைக் கதவைத் திறந்தாள். சாக்கடை நீர் கறுத்து நுரைத்துத் துவைக்கிற கல்லை மூடியிருந்தது. பின்சந்துக் கழிவும் அதோடு சேர்ந்து மிதந்தது. கிணற்றுச் சுவர் தாழ்வு. இன்னும் ஒரு சாண் ஏறினால் உள்ளே வழிந்துவிடும்.

எப்படி அடைத்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் மாமனாரின் சிராத்தம். அன்றைக்குச் சாப்பிட்ட இலைகளைத் தெருவில் எறியலாகாது; பிறர் கைபடாமல் சொந்த மண்ணில் புதைக்க வேண்டும். அவள் கணவர் வேதாந்தம் கொட்டுகிற மழையில் தாமே கடப்பாரை எடுத்து, மண் இளகியிருந்த இடமாகப் பார்த்துத் தோண்டினார். கீழே செங்கல் சாக்கடை ஓடியதால்தான் மண் இளகியிருந்தது. கடப்பாரை ஏதோ கல்லில் பட்டதென்று நினைத்து, உடைந்த சாக்கடைக்குள்ளேயே இலைகளைப் போட்டு மூடிவிட்டார்.

இப்போது அவர் பொன்மலை ஆபீசுக்குப் போய்விட்டிருந்தார். கோதை வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினாள். மொண்ட அளவு மறுபடி ஊறியது. அப்போது சந்தில் மாரியாயியின் தகர வாளிச் சத்தம் கேட்டது. சந்தோரமாக வீடுகளின் கக்கூஸ் தொட்டிக் கழிவை அள்ளுகிறவள் அவள். எத்தனையோ வருஷமாகச் சந்தோடு வந்து சந்தோடு போகிறவள். கொல்லைக்கும் சந்துக்கும் நடுவிலிருந்த கதவைத் தாண்டியதில்லை. கோதை கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள்.

"கெணத்தடிக்கா வரச் சொல்றீங்க? ஐயா வைவாருங்கம்மா."

"கொழந்தை படுத்திண்டிருக்கா. வா."

கோதை காட்டிய இடத்தில் மாரியாயி இறங்கிக் கையை விட்டுத் துழாவினாள். சேறு வந்தது, உடைந்த செங்கல் வந்தது, பிறகு இலைகள் வந்தன. அழுகிய இலையில் இன்னும் எள்ளும் சோறும் ஒட்டியிருந்தன. அவள் ஒரு கணம் பார்த்தாள். சிராத்தத்தன்று மாரியாயி சந்தில் நின்று மிச்சச் சோறு கேட்டதும், இது யாருக்கும் கொடுக்கிற சோறில்லை என்று தான் கதவைச் சாத்தியதும் கோதைக்கு நினைவு வந்தது.

"அன்னிக்குக் கேட்டேன், குடுக்கக் கூடாதுன்னீங்க" என்றாள் மாரியாயி, சிரித்தபடி. "இப்ப நானே தோண்டி எடுக்கறேன் பாருங்க."



கடைசி இலை வந்ததும் நீர் சுழித்து இறங்கியது. ஆனால் செங்கல் முனை மாரியாயியின் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. கோதை பழைய வேஷ்டியைக் கிழித்துக் கொண்டுவந்தாள். கையில் கட்டிவிட மனம் சொல்லியது. துணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றுகொண்டாள்.

பூமாவின் ஜுரம் இறங்கியது. பெருமாள் கிருபை என்று சொல்லி, வேதாந்தம் புரோகிதரை அழைத்துக் கிணற்றுக்குத் தீட்டுக் கழிக்கப் புண்யாஹவாசனம் செய்வித்தார். மாரியாயி கிணற்றடிக்கு வந்ததை அவர் மன்னிக்கவில்லை. இலையைப் பற்றி மாரியாயி தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவள் கை வீங்கிச் சீழ் பிடித்தது. காலையில் முடிகிற வேலை பிற்பகலுக்குத் தள்ளிப்போயிற்று. ஒரு வீடு விடுபட்டாலும் பேரை வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன் என்று முனிசிபாலிட்டி மேஸ்திரி சந்தில் நின்று கத்தியது கோதையின் காதில் விழுந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், தெரு உண்டு உறங்குகிற வேளையில், கோதை சந்துக் கதவைத் திறந்து சந்தில் இறங்கினாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுத் தொட்டியின் கழிவைச் சாம்பல் போட்டு வாளியில் அள்ளிச் சந்து முனையில் நின்ற முனிசிபாலிட்டிக் கழிவு வண்டியில் கொட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு, காலி வாளியோடு அடுத்த வீட்டுத் தொட்டியின் முன் போய்க் குனிந்தாள்.