கறை என்று தேய்த்த அம்புக்குறி

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். சுவர் மெலிசு, என் காது கூர்மை, இரண்டையும் நான் கட்டவில்லை. பக்கத்து வீட்டில் கணவர் பல் டாக்டர். மனைவி மலைகளை ஆராய்கிறவள். இந்த மாடி முழுக்க அவளுக்குப் பெயர் பாறைக்காரி. (பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பல கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கண்டங்கள் மோதிக்கொண்டபோது, ஆழத்தில்...’

அடித்துவிட்டேன். கண்டங்கள் மோதியதை நான் பார்க்கவில்லை. இவர்கள் மோதியதைக் கேட்டேன்.

2

ஆனாலும் கொஞ்சம் பாறை சொல்லாமல் கதை நகராது. மலை எழும்பும்போது அடியாழத்தில் பாறை அரைவேக்காடாக இருக்குமாம். நூற்றில் ஏழெட்டுப் பங்கு உருகினாலே போதும், முறைப்பெல்லாம் போய் மெல்ல வழியத் தொடங்கிவிடுமாம். (குடும்பத்தோடு ஒப்பிடக் கை அரிக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.)

வழிந்தது மேலே ஏறியதா, பக்கவாட்டில் ஓடியதா? மேலேதான் என்கிறாள் பாறைக்காரி. பக்கவாட்டில் என்கிறார் அவளுடைய பேராசிரியர். தீர்ப்புச் சொல்ல ஒரே ஒரு கல், உருகி ஓடிய தடம் வெள்ளை வரிகளாக உறைந்த கல். மலையிலிருந்து உடைத்தெடுக்கும் முன்பே எது மேல்பக்கம் என்று மார்க்கரால் அம்பு போட்டுவிட வேண்டும். அம்பு இருந்தால் சாட்சி. அழிந்தால் வெறும் கல். எடுத்த இடத்தையோ, பிறகு சாலை போட வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

3

“மேசையில இருந்த கல்லை என்ன பண்ணினீங்க?”

“கறையா இருந்துச்சு. பல்லுக்குப் போடுற பாலிஷ் போட்டுத் தேச்சேன். பளிச்னு இருக்கு பாரு.”

(சுவரே சில்லிட்டது. இல்லை, இது மிகை. நாற்காலி கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.)

“அது கறை இல்லைங்க. அம்பு.”

“போட்டோ எடுத்திருப்பியே?”

“எடுத்தேன். அம்பு மேலயே என் நிழல் விழுந்திருக்கு.”

“சரி விடு. நீயே திரும்பப் போட்டுடேன். உனக்குத் தெரியாததா?”

“எது மேல இருந்தா எனக்கு நல்லதுன்னு தெரியும். எது மேல இருந்துச்சுன்னு தெரியாது.”

4

பல் டாக்டரை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். பொறாமை, சதி என்று கதை சூடுபிடிக்கும். ஆனால் மனுஷர் குப்பைத்தொட்டிக்கே சோப்புப் போடுகிற ரகம். சதியெல்லாம் அவர் உடம்புக்கு ஒத்துவராது.

முடிவு அ: அவளே அம்பு வரைகிறாள். பேராசிரியர் வாயடைத்துப்போகிறார்.

முடிவு ஆ: கல்லை ஆய்விலிருந்தே எடுத்துவிடுகிறாள். இத்தனை வருட உழைப்பு அந்தரத்தில் தொங்குகிறது.

முடிவு இ: ஒருநாள் பல் டாக்டர்

அழைப்புமணி அடித்தது.

5

பாறைக்காரிதான். கையில் கல், கண்ணாடி மாதிரி.

“அக்கா, நான் வரைஞ்சா எனக்குச் சாதகமாத்தான் வரைவேன். உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பார்த்ததும் தோணுறதைச் சொல்லுங்க. எந்தப் பக்கம் மேல?”

ஒண்ணும் தெரியாதாம்! வரிகள் நிமிர்ந்து நின்றால் இவள் கட்சி, படுத்துக் கிடந்தால் பேராசிரியர் கட்சி. அத்தனையும் சுவர் சொல்லிவிட்டதே. தெரியும் என்றால் ஒட்டுக்கேட்டது வெளியே வரும். தெரியாதவள்போல் ஒரு பக்கத்தைக் காட்டினால், அதுவும் பொய்.

உங்களைக் கேட்கலாமென்றால், எல்லாவற்றையும் உளறி உங்களையும் கெடுத்துவைத்திருக்கிறேன். இருந்தாலும் சொல்லுங்கள். அவள் வாசலிலேயே நிற்கிறாள், கல் கனம்.