கூறைக்குள் வந்த கனடாப் பூச்சி

சனிக்கிழமை கலியாணம். புதன் காலை மடிப்புப் பிடித்து வைக்கலாமென்று கூறைச் சேலையை விரித்தால், உள்ளே ஒரு சின்னப் பூச்சி செத்துக் கிடக்கிறது. சுவிஸின் துன் நகரில் பதினாறு வருடமாக மணப்பெண்களுக்குச் சேலை உடுத்திவிடுகிறேன். வாடகைக்குக் கொடுக்கும் பட்டுகள் அலுமாரி நிறைய இருக்கின்றன. மாப்பிள்ளையின் தாய் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த இந்தக் கூறையும் இரண்டு நாளாக அவற்றோடுதான் இருந்தது. பட்டைத் தின்னும் பூச்சியாயிருந்து முட்டையும் இட்டிருந்தால் என் பிழைப்பே போய்விடும்.

வீட்டுக்கு வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. குளிரில் முட்டை செத்துவிடுமாம். ஆட்டிறைச்சியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கூறை உட்பட எல்லாச் சேலைகளையும் பைகளில் இறுகக் கட்டி டீப் ஃபிரீசருக்குள் அடுக்கினேன்.

என் கணவர் தவராஜாவுக்கு பேர்ணில் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை. "அங்க பூச்சியளைப் படிக்கிற மனுசி ஒராள் இருக்கிறா. காட்டிப் பாப்பம்," என்றார்.

"ஓம், இப்ப அதுதான் குறை," என்று சீறினேன். அவர் பூச்சியைத் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனார்.

மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. "இஞ்சேரும், அது துணி தின்னாதாம். செம்மஞ்சள் செட்டையில கறுப்புக் கரை போட்ட வெளிர்ப் புள்ளியள். பாத்த உடனையே சொல்லிப்போட்டா. வட அமெரிக்காப் பூச்சி. கோடையில தெற்கில இருந்து கனடா வரைக்கும் பறந்து வருமாம். இஞ்ச இல்லையாம். அதின்ர புழு ஒரு மரத்தின்ர இலையைத்தான் தின்னும்."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"மூண்டு தரம் கேட்டனான்."

குசினித் தரையிலேயே குந்தியிருந்து அழுதேன். அப்படியொரு நிம்மதி.

பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் தில்லைநாயகி அக்கா வந்தார். ஃபிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்த கூறையைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். "என்ன தங்கச்சி, ஐஸ் மாதிரிக் கிடக்கு?"

பொய் வரவில்லை. நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

"அந்தப் பூச்சியை நான் ரொறன்ரோவிலயே கண்டனான். கூறை மடிக்கேக்க லைட்டைச் சுத்திப் பறந்தது, பிறகு காணேல்லை. பொம்பிளை வீட்டார் அபசகுனம் எண்டு சொல்லுவினமோ எண்டு பயந்துபோனன். வந்த நாள் தொட்டு நித்திரை இல்லை."

எனக்கு ஏறியதே கோபம். "ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ? வாயில என்ன கொழுக்கட்டையோ, அக்கா?"

அவர் என்னையும் ஃபிரீசரையும் மாறிமாறிப் பார்த்தார். "உம்மட வாயில என்ன இருந்தது?"

நாங்கள் சிரித்து முடிக்கக் கனநேரம் பிடித்தது.