கன்னம் வீங்கிய அக்கா

காது மெஷின் விற்கும் கடையில் பெரியவளுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். "என்னம்மா சொன்னே?" என்று ஒருவர் ஏழு முறை கேட்டாலும் எட்டாவது முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள். பொறுமைக்கு இவளை விட்டால் ஆளில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். தங்கையின் பேச்சை எடுத்தால் அந்தப் பொறுமை பொசுக்கென்று தீர்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டில் இரண்டு பெண்கள். அப்பா பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. மூன்று வயது வித்தியாசம். பாட்டுப் பாடுவதில் பெரியவள் கெட்டி. சின்னவளுக்குப் பாட்டும் வராது, பாடமும் வராது, வாய் மட்டும் காது வரைக்கும்.

இருவரும் சிறுமிகளாக இருந்தபோது டிவி வந்த புதிது. தெருவுக்கே ஒரு பெட்டி, அச்சகக்காரர் வீட்டில். சனிக்கிழமை ஐந்தரை மணிக்குச் 'சிறுவர் சந்தை' ஆரம்பிக்கும். நீளத் தொப்பி வைத்துக்கொண்டு வருகிற தொப்பி மாமாதான் அதை நடத்துகிறவர். பாட்டு, நாடகம், மாயாஜாலம், விடுகதை எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்குள். அத்தனையும் நேரடி ஒளிபரப்பு. மாயாஜாலக்காரரின் புறா ஒருமுறை மேலே விளக்குக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கடைசிவரை இறங்கவே இல்லை. தும்மிய ராஜாவின் மீசை மந்திரியின் மடியில் போய் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. அச்சகக்காரர் வீட்டுக் கூடத்தில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

பெரியவளுக்கு ஒன்பது வயதானபோது அந்த நிகழ்ச்சியில் பாட இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் அவளுக்கென்றே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். முதல் சரணத்தில் ஒரு சிட்டுக்குருவி மழையில் நனைந்து நடுங்கும். இரண்டாவது சரணத்தில் ஓர் இலை அதற்குக் குடை பிடிக்கும். மூன்று வாரம் விடாமல் பாடிப் பழகினாள். குளிக்கும்போது பாடினாள், கணக்குப் போடும்போது பாடினாள். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்தபோது பெரியவளின் இரண்டு கன்னமும் பூசணி மாதிரி இருந்தன. பொன்னுக்குவீங்கி. வாயைத் திறக்க முடியவில்லை.

டிவி நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வரலாம் என்று அம்மா கிளம்பினாள். சின்னவளும் ஒட்டிக்கொண்டாள். போன இடத்தில் தொப்பி மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷத்துக்கு ஆள் இல்லை. சின்னவளைப் பார்த்து, "நீ பாடுவியா பாப்பா?" என்றார். "ஓ!" என்றாள் அவள்.

அங்கே நடந்தது இங்கே யாருக்கும் தெரியாது. தன் இடத்தில் யார் பாடப் போகிறார்கள் என்று பார்க்காவிட்டால் மனசு ஆறாது போலிருந்தது பெரியவளுக்கு. ஒட்டிக்கொள்ளும் நோய் என்பதால் அச்சகக்காரர் வீட்டுக்குள் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு செங்கல் அடுக்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பெட்டியில் அவளுடைய தங்கை நின்றிருந்தாள், சிட்டுக்குருவிக் குல்லாயோடு. அது பெரியவளுக்காக நிலையத்தில் தைத்து வைத்திருந்த குல்லாய்.

முதல் சரணம் ஒருவழியாக முடிந்தது. சின்னவள் நின்றுவிட்டாள். ஆர்மோனியக்காரர் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். அவள் கேமராவை நேராகப் பார்த்து, "மீதி அக்காவுக்குத்தான் தெரியும். அவ கன்னம் வீங்கிப் படுத்திருக்கா. குருவி இன்னும் நனைஞ்சுகிட்டேதான் இருக்கு" என்றாள்.

கூடமே உருண்டு உருண்டு சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவள் செங்கல்லிலிருந்து இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து சின்னவள் ஊருக்கெல்லாம் 'சிட்டு' ஆகிப்போனாள். இரண்டு வருஷம் வாராவாரம் டிவியில் வந்தாள். கடைக்குப் போனால் மிட்டாய் சும்மா கிடைத்தது. பெரியவளை யாரும் கூப்பிடவே இல்லை. நிகழ்ச்சி நின்றது, இருவருக்கும் கல்யாணமானது, சின்னவள் கடல் தாண்டிப் போய்க் குடியேறினாள். ஆனாலும் யாராவது, "நீங்க சிட்டுவோட அக்காதானே?" என்று கேட்டால் பெரியவளுக்குச் சுருக்கென்று குத்தும். ஐம்பத்தாறு வயதிலும் அது மாறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு ஒரு கிழவர் வந்தார். எண்பதைத் தாண்டிய வயது, கையில் தடி. "எதிர்ல பேசறது கேக்குது, கூட்டத்துல பேசினா எல்லாம் கஞ்சி மாதிரி கலந்துடுதும்மா" என்றார். தொப்பி இல்லாவிட்டால் என்ன, குரலைக் கேட்டதும் பெரியவளுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

சோதனை அறைக்குள் உட்கார வைத்தாள். "சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் பட்டனை அமுக்குங்க ஐயா." அவர் சொன்னபடி செய்தார். முடிந்ததும் தானாகவே பேசத் தொடங்கினார். "அடுத்த மாசம் ஒரு விழா. எங்க பழைய ஆளுங்க எல்லாம் சேர்றாங்க. அதுக்குள்ள மெஷின் போட்டாகணும். அந்தக் காலத்துல டிவியில குழந்தைங்க நிகழ்ச்சி நடத்தினேன். நீ பாத்திருக்க மாட்டே."

"பாத்திருக்கேன்."

"அப்படியா! சிட்டுன்னு ஒரு பொண்ணு ஞாபகம் இருக்கா? எல்லாரையும் கண்டுபிடிச்சுட்டோம், அது மட்டும் அகப்படல. படம்கூட ஒண்ணும் மிஞ்சல. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். தங்கையின் நம்பரைக் கொடுத்திருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"நான்தாங்க சிட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எப்படி மறுப்பது? மறுக்கவும் மனசு வரவில்லை.

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. முன்னின்று நடத்தியவர் ஒரு பல் டாக்டர் அம்மாள். சிறுவயதில் நிகழ்ச்சிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டியவராம். முன்னூறு பேர் இருக்கும், எல்லாம் நரைத்த தலைகள். மீசை பறிகொடுத்த ராஜா வந்திருந்தார். புறாக்காரரின் மகன் வந்திருந்தார். பெரியவளைச் சுற்றிப் பெரிய கூட்டம். "சிட்டு, உங்களுக்காகவே சனிக்கிழமை சனிக்கிழமை எங்கப்பாவோட சண்டை போட்டிருக்கேன்" என்றார் ஒருவர். அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது, கூடவே எரியவும் செய்தது. இவ்வளவையும் அனுபவித்துவிட்டு ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னாளா அந்தக் கழுதை?

மேடையில் பாடச் சொன்னார்கள். பெரியவள் பாடினாள். நாற்பத்தேழு வருஷத்துக்குப் பிறகும் ஒரு சொல் பிசகவில்லை. முதல் சரணம் முடிந்தது. அரங்கம் முழுக்கச் சிரிக்கத் தயாராக முன்னால் சாய்ந்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது சரணத்துக்குப் போனாள்; இலை குடை பிடித்தது, குருவியின் நடுக்கம் நின்றது. சுருதி சுத்தமாக முடித்தாள்.

ஒருவரும் கை தட்டவில்லை. முகங்களைப் பார்த்தாள். வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர்கள் போல விழித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த தொப்பி மாமா தடியை ஊன்றி எழுந்தார். புது மெஷினில் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். அவளே பொருத்திவிட்டது.

"நீ சிட்டு இல்லையேம்மா. அதுக்கு ரெண்டாவது சரணம் தெரியாதே" என்றார்.

ஓடிவிடலாமா என்றிருந்தது.

"இல்லைங்க. நான் அவ அக்கா. கன்னம் வீங்கிப் படுத்திருந்தவ."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கன்னம் வத்திடுச்சா அக்கா?" என்றது. அவ்வளவுதான். சிரிப்பும் கைதட்டலும் எழுந்து அடங்கவே இல்லை. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தொப்பி மாமா மேடைக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூட்டை மூட்டையா லெட்டர் வந்துச்சும்மா. அக்காவுக்கு உடம்பு சரியாயிடுச்சா, குருவிக்கு அப்புறம் என்ன ஆச்சு, இதே கேள்விதான். அக்காவையும் கூட்டிட்டு வான்னு சிட்டுகிட்ட மூணு தடவை சொன்னேன். அக்காவுக்கு டிவின்னாலே பிடிக்காது மாமா, வரமாட்டாளாம்னு சொல்லிடுச்சு."

பெரியவள் சிரித்தாள். மேடையில் இருக்கிறோம் என்பதால் சிரித்தாள். உள்ளே கொதித்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தங்கைக்குப் போன் போட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"என்னைக் கூட்டிட்டு வரச்சொன்னாங்களாமே. எனக்கு டிவி பிடிக்காதுன்னு சொன்னியாமே."

"யார் சொன்னா?" என்றாள் சின்னவள்.

"சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். நீ வந்திருந்தா என்னை யாருடி பாப்பாங்க? ரெண்டாவது சரணம் உனக்குத் தெரியும். எனக்கு வாய்தானே இருந்துச்சு. ஆறு வயசு எனக்கு. தினமும் பயந்துகிட்டே போவேன், இன்னிக்கு அக்காவைக் கூட்டிட்டு வந்துடுவாங்களோன்னு."

பெரியவள் திட்டத்தான் போன் செய்தாள். சொற்களைக்கூட வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். ஆனால் இவ்வளவு காலமும் தான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தது போய், அங்கேயும் ஒரு அடுப்பு எரிந்திருக்கிறது என்று தெரிந்தபோது கோபத்தின் நடுவே ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும். நேத்து நான் நீயா போய் மேடையில நின்னேன்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். சின்னவள் நடுவில் சிரித்தாள், கத்தினாள், "என் பேரை வச்சுகிட்டு நீ போவியா?" என்று சண்டைக்கு வந்தாள், திரும்பவும் சிரித்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நிறைய கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"எனக்குத் தட்டினதைவிடவா?"

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கு அந்தக் கைதட்டல் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

"ஆமா. அதைவிட நிறைய" என்றாள்.

சின்னவள், "டிசம்பர்ல வர்றேன். அந்த ரெண்டாவது சரணத்தை எனக்குச் சொல்லிக் கொடு" என்றாள்.

"பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள் பெரியவள். சொல்லிக் கொடுப்பதாக அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.